வெயில் தெரியாத நாற்றுகள்

மார்ச் 4

அப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் நாற்றுப் பண்ணையில் நீங்கள் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் ஷீட் கூரையில் பாதியைக் கிழித்துவிட்டேன். காற்று கிழித்தது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நம்பாதீர்கள். நான்தான் ஏணி வைத்து ஏறி, கத்தரிக்கோலால் கிழித்தேன்.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன வாரம் நாம் இருவரும் போட்ட சத்தத்தில் அம்மா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எழுதிக்கோங்க. கை வலிச்சாலாவது நிறுத்துவீங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கை வலிக்காது.

நடந்தது இதுதான். இந்தப் பருவத்துக்கு இந்த மேட்டு நிலத்தில் பாதிப் பேருக்குத் தக்காளி நாற்று என் பண்ணையிலிருந்துதான் போனது. அனுப்பிய அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சைப் பசேலென்று, நீளமாக, எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. எனக்கே திருஷ்டி பட்டுவிடும் போல இருந்தது. வயலில் நட்ட ஒரு வாரத்துக்குள் இலைகள் வெளுத்தன. அப்புறம் தொட்டால் நொறுங்கின. செத்த நாற்றுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். வசவு கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

விவசாயிகள் சங்கம் ஏப்ரல் கடைசியில் விசாரணை வைத்திருக்கிறது. தண்ணீரை அளவில்லாமல் விட்டு நாற்றை இளக்கி அனுப்பினேன் என்பது என் மேல் குற்றச்சாட்டு. அதுதான் முடிவு என்று ஆகிவிட்டால் சங்கத்து ஆட்கள் ஒருவரும் இனி என்னிடம் நாற்று வாங்கமாட்டார்கள். பண்ணையை இழுத்து மூடிவிட்டு வரவேண்டியதுதான்.

உள்ளே இடம் போதாமல் கடைசிப் பெஞ்சு கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் பெஞ்சில் கூரைக்கு வெளியே நின்ற தட்டுகளில் நாற்று குட்டையாக, தடித்து, இலையின் அடிப்பக்கம் ஊதா ஏறி நின்றது. பார்க்கச் சகிக்காது. விற்க வெட்கப்பட்டு வீட்டுக்குப் பின்னால் நட்டுவிட்டேன். அதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதே விதை, அதே மண், அதே தண்ணீர், அதே கை. வித்தியாசம் உங்கள் கூரை மட்டும்தான்.

இரண்டு நாற்றையும் வேளாண் கல்லூரிப் பேராசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேலே என்ன ஷீட் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். புற ஊதாக் கதிரை ஒரு சொட்டு விடாமல் தடுக்கிற ஷீட், என் அப்பாவே போட்டது என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ வெயில் தெரியாத நாத்தைக் கொண்டுபோய் வெயில்ல தள்ளியிருக்கீங்க" என்றார். விவரமாக அப்புறம் எழுதுகிறேன். முதலில் நீங்கள் திட்டி முடியுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 10

வாயாடிக்கு,

முதலில் இதற்குப் பதில் சொல். ஏணியை யார் பிடித்தார்கள்? தனியாக ஏறினாயா? அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்.

இப்போது திட்டுகிறேன். அந்த ஷீட்டை நான் எப்படி இழுத்துக் கட்டினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காற்று ஓய்ந்திருந்த விடியற்காலையில், ஒரு சுருக்கம் இல்லாமல், மத்தளம் போல. இந்த முதலாளியிடம் முப்பது வருடமாகக் கூரை போடுகிறேன். ஒழுகுகிறது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. பெற்ற மகள் கத்தரிக்கோலோடு ஏறியிருக்கிறாள். டீக்கடையில் ஆளாளுக்கு வந்து, "அப்பறம், பொண்ணு எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்கள். எதற்கு விசாரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஷீட்டை உனக்கு ஏன் போட்டேன்? விலை கூடியதைப் போட்டுப் பெருமை அடித்துக்கொள்ளவா? வெள்ளை ஈக்குப் புற ஊதாக் கதிர் இருந்தால்தான் வழி தெரியும். அது இல்லாத இடத்தில் திக்குத் தெரியாமல் சுற்றும், செடிக்கு வராது. இங்கே கீழே வெள்ளரி போடுகிறவர்கள் என் கூரைக்குள் மருந்து அடிப்பதையே மறந்துவிட்டார்கள். நீயும் மருந்து வாடையில் இருமிக்கொண்டு திரியக் கூடாது என்றுதான் போட்டேன். நீ என்ன செய்திருக்கிறாய்? ஈக்கு வாசலைத் திறந்து வைத்து வா வா என்று கூப்பிட்டிருக்கிறாய்.

இன்னொன்று. பகலிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஊர் உன் ஊர். அங்கே செடி வெயிலில் வெந்துபோனது என்கிறாய். இங்கே அனல் அடிக்கிறது. இங்கே ஒரு செடியும் வேகவில்லை. பேராசிரியை படித்தவர், அவருக்கு ஆயிரம் தெரிந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்கக் கூரை மேல் வெயிலில்தான் நிற்கிறேன். வெயில் பழகினால் நல்லது என்றால் என் முகம் ஏன் இப்படிக் கருகிக் கிடக்கிறது?

முதலாளி இந்த ஷீட்டை உங்கள் சங்கத்துக்கே மொத்தமாகக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். மேட்டில் இருக்கிற எல்லா நாற்றுப் பண்ணைக்கும் இதே கூரை. அவர் காதுக்குப் போவதற்குள் கிழித்ததைச் சரி செய்தாக வேண்டும். நீ கை வைக்காதே, நானே வந்து மாட்டுகிறேன்.

சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார். வந்து மாட்டாதீர்கள். மாட்டினால் மறுபடியும் கிழிப்பேன்.

நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. குளிர்ந்த ஊரில் செடி எப்படி வெந்தது என்று நானும் அதையேதான் கேட்டேன். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, அதனால் அந்தக் கதிர் கூடுதலாக இறங்குகிறது. நமக்கு உடம்பு நடுங்கும்போதே அது இலையைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு வேர்த்தால் நிழலுக்கு ஓடுவீர்கள். செடி எங்கே ஓடும்? நட்ட இடத்திலேயே நின்று சமாளிக்க வேண்டும்.

எப்படிச் சமாளிக்கிறது என்று பேராசிரியை சொன்னதைக் கேட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. இலைக்கு அந்தக் கதிரை உணரத் தெரியும், அப்பா. மேலே பட்டதுமே தன் மேல்தோலில் ஒரு சரக்கைக் காய்ச்சி நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் அது நம் கண்ணுக்குத் தெரியாது. சில செடிகளில் கூடவே சிவப்பும் ஊதாவும் ஏறும். கதிர் உள்ளே போவதற்கு முன்னால் அந்தச் சரக்கு அதைக் குடித்துவிடும். அதையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். போனால் உள்ளே இருக்கிற ஆக்சிஜன் வெறி பிடித்தது போல் ஆகி, கண்டதையும் அரிக்க ஆரம்பிக்கும். அதை மடக்குவதற்கு இலை வேறொரு கூட்டத்தைத் தயாராக வைத்திருக்கிறது. டாக்டர்கள் பழம் தின்னச் சொல்லும்போது ஆன்டி-ஆக்சிடன்ட் என்கிறார்களே, அதேதான். நமக்காகச் செய்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தின்கிறோம். அது தனக்காகச் செய்துகொண்டது.

ஆனால் சும்மா இருக்கும்போது இதையெல்லாம் நிறையச் செய்துவைக்காது. செலவு பிடித்த வேலை. வெளியே அந்தக் கதிர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் முழு மூச்சாகச் செய்யும். உங்கள் ஷீட் கதிரைத் தடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகத் தடுத்துவிட்டது. வெளியே என்ன காத்திருக்கிறது என்று என் நாற்றுக்குத் தெரியவே இல்லை. வளர்ந்தது, நீண்டது, பளபளத்தது. வயலுக்குப் போன அன்றைக்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் வெள்ளரிக்காரர்கள் ஏன் வாயே திறக்கவில்லை என்றால், அந்த வெள்ளரி பிறந்து, காய்த்து, சாகிறவரைக்கும் கூரைக்குள்ளேயே இருக்கிறது. என் நாற்று வெளியே போகவேண்டியது. உடனே நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். செடியைச் சாக்கு வைத்து என்னைக் குத்துகிறாள், வீட்டை விட்டு மேட்டுக்கு வந்ததற்கு இப்போது நியாயம் பேசுகிறாள் என்பீர்கள். இல்லை. தக்காளியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். உங்கள் முகத்தைப் பற்றியும் பேசவேண்டும். தொப்பி போடுங்கள்.

சொல்லாமல் விட்டால் நீங்களே கண்டுபிடித்து ஆடுவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கிழித்த பாதிக்குள் வெள்ளை ஈ வந்துவிட்டது. மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். மிச்சத்தைக் கையால் நசுக்குகிறேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. சிரித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மூடமாட்டேன்.

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் மொட்டை மாடியில் எனக்குக் கொஞ்சம் வேலை இருந்தது. அது உனக்குச் சம்பந்தமில்லாதது.

இப்போது விளையாட்டுப் பேச்சை விடு. முதலாளி நேற்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முப்பது வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. உன் விசாரணையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஷீட்டின் மேல் பழி வந்தால் சங்கத்து ஆர்டர் கைவிட்டுப் போகும். நான் விசாரணைக்கு வந்து, கூரை சரியாகத்தான் இருந்தது, என் மகளுக்குத் தண்ணீர் விடும் பக்குவம் தெரியவில்லை என்று சொல்லவேண்டுமாம். "பெத்த அப்பனே சொன்னா யாருய்யா மறுத்துப் பேசப் போறாங்க?" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. குடித்தேன்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் யோசி. நான் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போச்சு, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை. சங்கத்துக்காரர்கள் ஒரு பருவம் முறைப்பார்கள். அடுத்த பருவம் மறந்துவிடுவார்கள். பணிந்து வந்தவளை யாரும் அடியோடு ஒதுக்கமாட்டார்கள். எனக்கு இந்த வயதில் இன்னொரு முதலாளி கிடைக்கமாட்டார். கூரை மேல் நிற்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

யோசி.

அப்பா


ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

யோசிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு எழுதுகிறேன்.

சொல்லமாட்டேன். தண்ணீர் கூடவில்லை. மண்ணை விரலால் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் ஒரு தட்டுக்கும் நான் தண்ணீர் விட்டதில்லை. அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்ததில்லை, அம்மாவிடமிருந்தும் வந்ததில்லை. நானே கெட்டுக் கெட்டுக் கற்றுக்கொண்டது. எனக்கென்று இருக்கிற ஒரே கைத்தொழில் அது. அது எனக்குத் தெரியாது என்று என் வாயாலேயே சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு அடுத்த பருவம் எந்த முகத்தோடு நாற்று விற்பேன்?

அதைவிட ஒன்று இருக்கிறது. நான் பணிந்துபோனால் அந்த ஷீட் எல்லாப் பண்ணைக்கும் வரும். அடுத்த வருடம் மேடு முழுக்க நாற்று சாகும். எல்லோருக்கும் தண்ணீர் விடத் தெரியவில்லை என்பாரா உங்கள் முதலாளி? எத்தனை அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு வருவார்?

நீங்கள் வந்து சொல்லுங்கள். உங்களைத் தடுக்கமாட்டேன். உங்கள் பிழைப்பு எனக்குத் தெரியாதா? அந்தச் சம்பளத்தில் படித்தவள்தானே நான். ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கூரை இருக்கிற பாதியில் வளர்ந்த நாற்று ஒரு தட்டு, கிழித்த பாதியில் வளர்ந்தது ஒரு தட்டு. விசாரணைக்கு முந்தின வாரமே இரண்டையும் சங்கத்து வாசலில் வெட்டவெளியில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். சங்கத்துக் காவலாளிதான் இரண்டுக்கும் தண்ணீர் விடுவார், ஒரே குவளையில். நான் கிட்டேயே போகமாட்டேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. நிறையக் கோபம் இருக்கிறது. டீ குடித்ததற்கு இல்லை.

மகள்


ஏப்ரல் 20

வாயாடிக்கு,

விசாரணைக்கு வருகிறேன். முதலாளியின் காரில், அவரோடு. உன் வீட்டில் தங்கமாட்டேன். எனக்காக எதுவும் சமைத்து வைக்காதே.

என்ன சொல்லப்போகிறேன் என்று அம்மா நாலு நாளாகக் கேட்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை.

அப்பா


ஏப்ரல் 29

அப்பா,

ஏன் அப்படி ஓடினீர்கள்? நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் நீங்கள் பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நீங்கள் திரும்பவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கார் உங்களை ஏற்றிக்கொள்ளாமல் போனதையும் பார்த்தேன்.

நீங்கள் வந்து இறங்கியதிலிருந்து நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் இருந்த தட்டுகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். இரண்டு தட்டிலும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். கூரைக்குள் வளர்ந்தது வெளுத்துச் சாய்ந்திருந்தது, கிழித்த பாதியில் வளர்ந்தது குட்டையாக, விறைப்பாக நின்றது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உங்கள் முதலாளி எழுந்து, நாற்றைக் கொண்டுவந்து வைத்தவளே முன்கூட்டி ஏதாவது செய்திருக்கலாமே என்றதும் கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. சங்கத் தலைவர் உங்கள் பெயரைக் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் பேசியதை வரிக்கு வரி அப்படியே எழுதி வைக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள், நீங்களாகச் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

"கூரைய நான்தான் போட்டேன். சரியாத்தான் போட்டேன், அதுல ஒரு குறையும் இல்ல. கடைசி வரைக்கும் உள்ளேயே இருக்கிற செடிக்கு இதைவிட நல்ல கூரை கிடையாது. வெளிய போற நாத்துக்கு இது ஆகாது. என் பொண்ணுக்குத் தண்ணி விடத் தெரியாதுன்னு சொல்லத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் சொல்லமாட்டேன். ஏன்னா அது பொய்."

சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. அப்படியே நடந்து வெளியே போய்விட்டீர்கள்.

சங்கம் என்னை ஒதுக்கவில்லை. ஷீட் ஆர்டரையும் நிறுத்திவிட்டார்கள். என் வாசலில் முதலில் கூடையைக் கொட்டிய தக்காளிக்காரர் வந்து, குட்டை நாற்றில் பத்துத் தட்டு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவள் ராத்திரி முழுக்க அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

எனக்காக வேலையைத் தொலைத்துவிட்டீர்களா?

வாயாடி


மே 5

வாயாடிக்கு,

உனக்காகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டு ஆடாதே.

மொட்டை மாடியில் எனக்கு என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். உன் இரண்டாவது மார்ச் கடிதம் வந்ததும் நேராகப் போய் விதை வாங்கி வந்தேன். மிச்சம் கிடந்த ஷீட்டை மாடியில் ஒரு பக்கம் கட்டினேன். அதற்குக் கீழே ஒரு தட்டு, வெளியே ஒரு தட்டு. எதற்கு? உன்னைத் தோற்கடிக்க. இரண்டும் ஒன்றாக நிற்கும், அதைப் பிடுங்கிக்கொண்டு உன் விசாரணைக்கு வந்து உன் மூஞ்சிக்கு நேராகக் காட்டவேண்டும் என்று ஒரு வெறி. தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். உன் அம்மா, "இந்தப் பாசத்தை என் மேல காட்டியிருக்கலாம்" என்றாள்.

வளர்ந்ததும் ஷீட்டை எடுத்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஷீட்டுக்குக் கீழே வளர்ந்ததில் இலை ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. உங்கள் மேட்டில் சாகிற மாதிரி சாகவில்லை. ஆனால் வாடி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்துத் தட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளர்ந்துகொண்டே போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

கண்ணால் பார்த்த பிறகு வேறு மாதிரி பேச எனக்கு வராது. நீ யாரோ ஒருத்தியாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தக் காரில் மூன்று மணி நேரம் முதலாளி சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் சங்கத்து வாசலில் இறங்கி விரலை விட்டுப் பார்த்தேனே, அது நாற்றுக்காக இல்லை. நீ ஈரத்தில் ஏதாவது கள்ளத்தனம் செய்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இரண்டும் ஒரே ஈரம்.

ஏன் ஓடினேன் என்று கேட்டிருக்கிறாய். நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பியிருந்தால் அத்தனை பேருக்கு முன்னால் அழுதிருப்பேன். கூரைக்காரன் நடுத்தெருவில் அழுதான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

வேலை போய்விட்டது. சாமான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கோபம் கோபமாக வருகிறது. உன் மேலும்தான். அதற்காக எனக்கு வேலை கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதே.

அப்பா


மே 9

அப்பாவுக்கு,

ஆரம்பிக்கிறேன்.

கூரையே வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. கிழித்த பாதியில் வெள்ளை ஈ என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. அந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சங்கத்துக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். நாற்று சிறிசாக இருக்கும்போது மூடியிருக்க வேண்டும், வயலுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரங்களில் திறந்துவிட வேண்டும். இலைக்கு விஷயம் தெரிந்து, தன்னைத் தயார் செய்துகொள்ள அவகாசம் வேண்டும். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் ஷீட் சுருண்டு மேலே போகிற மாதிரி ஒரு கூரை. உங்கள் முதலாளியிடம் அப்படி ஒன்று இல்லை. இந்த மேட்டிலும் யாரிடமும் இல்லை. யாராவது செய்தால்தான் உண்டு.

சங்கத் தலைவர் என்னிடம் ஆள் கேட்டார். உங்களைச் சொன்னேன். மகள் என்பதால் சொல்லவில்லை. இந்த மேட்டில் மற்றவர்கள் போட்ட கூரைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன். ஒன்றில்கூட ஷீட் விறைப்பாக இல்லை. தொளதொளவென்று தொங்குகிறது.

பரிதாபம் என்று நினைத்தால் வராதீர்கள். ஆனால் ஒன்று. வந்தால் எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பது என் சொல். அதில் நீங்கள் தலையிடக் கூடாது.

வாயாடி


மே 15

வாயாடிக்கு,

கைப்பிடியைச் சுற்றினால் சுருளுகிற கூரை என்று இரண்டு வரியில் எழுதிவிட்டாய். காற்று அடித்தால் ஷீட் படபடத்துக் குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் ஓடுவதற்குப் பள்ளம் வெட்டிய குழாய் வேண்டும், நடுவில் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போகவேண்டும். மூன்று நாளாக மாடியில் பழைய துணிக்கொடியையும் சைக்கிள் பெடலையும் வைத்து ஒன்று செய்து பார்த்தேன். முதல் நாள் சிக்கிக்கொண்டது. நேற்று ஓடியது. அம்மா பெடலைச் சுற்றிப் பார்த்தாள். "எனக்கே சுத்த வருதுன்னா உன் பொண்ணுக்கும் வரும்" என்றாள்.

திறப்பதும் மூடுவதும் உன் சொல். சரி. ஏணியும் காற்றும் என் சொல். காற்று அடிக்கும்போது நீ மேலே ஏறக் கூடாது. இதற்கு ஒத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் வருகிறாள், நம் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தனியாக விட அவளுக்குப் பயம். தொப்பி வாங்கிவிட்டாள். போட்டால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் முதலாளி வீட்டுக்கு வந்தார். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் போல் ஷீட் இழுக்க ஆள் கிடைக்கவில்லையாம், போட்ட இடத்திலெல்லாம் சுருக்கமாம். மகள் பாசத்தில் அன்றைக்கு வாய் தவறிவிட்டது என்று சங்கத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் மறுபடியும் சேர்த்துக்கொள்கிறாராம். அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். அதையேதான் உன்னிடம் நானும் ஏப்ரலில் கேட்டேன். கேட்கிறவனுக்கு அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! நான் எழுந்து நின்றேன். "வாய் தவறலைங்க. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றேன். அம்மா டீ போட்டு வைத்திருந்தாள். அதை அவருக்குக் கொடுக்கவில்லை, எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கே உன் சங்கத்து ஆட்கள் என்னைப் பற்றிக் கேட்பார்கள். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று பாவப்பட்டுச் சொல்லாதே. கூப்பிட்டார்கள், அப்பா போகவில்லை என்று சொல்.

அப்பா